செட்டிநாட்டுப் பழைய வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் பார்த்து நிலைமை சொல்வது என் தொழில். வாங்க வருகிறவர்கள் போனில் கேட்பதையும், வாங்கிய பிறகு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு கேட்பதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பாதி பதில்களுக்கு அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: இந்த வீடுகளை முகப்பிலிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள், கொல்லைக் கதவிலிருந்து தொடங்குங்கள்.

சர்வே என்றால் சர்வேயரைக் கூப்பிடுவதுதானே?

இங்கே சர்வே என்றாலே நிலம் அளப்பது என்றுதான் அர்த்தம். அதுவும் வேண்டும், ஆனால் அது வேறு வேலை. நில அளவர் எல்லை எங்கே என்று சொல்வார். அதன்மேல் நிற்கும் கட்டடம் இன்னும் எத்தனை மழையைத் தாங்கும் என்பது அவர் வேலை இல்லை. அதற்குப் பழைய கட்டடம் பார்த்துப் பழகிய இன்ஜினியர் தனியாக வர வேண்டும்.

லண்டனில் மகன் இருக்கும் ஒருவர், 'லெவல் 3 சர்வே எடுத்துக் கொடுங்கள்' என்று கேட்டார். இங்கிலாந்தில் ஆர்.ஐ.சி.எஸ். என்ற தொழில் அமைப்பு வீட்டு ஆய்வை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பழைய வீட்டுக்கு மூன்றாவதுதான் பொருத்தம். இங்கே அப்படி முத்திரை குத்திய ஆய்வு கிடையாது. ஆகவே எதை எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்து, அதற்குக் கூலி பேசிக்கொள்ள வேண்டும்.

பேங்கிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டாரே, போதாதா?

போதாது. அவர் வேல்யூவர். பேங்க் கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்கத்தான் வருகிறார். செட்டிநாட்டில் பல இடங்களில் மனையின் மதிப்பே கடனுக்கு ஈடாகிவிடும். உத்திரம் உளுத்திருந்தால் பேங்குக்கு ஒன்றும் நஷ்டமில்லை, உங்களுக்குத்தான்.

நூறு வருடம் நின்ற வீடு. இனிமேல் என்ன ஆகிவிடும்?

நூறு வருடமும் அதில் ஆள் இருந்தார்கள், அதனால் நின்றது. கோடைக்குக் கோடை ஓடு மாற்றி அடுக்கினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வளவில், அதாவது நடுமுற்றத்தில், விழும் மழைத் தண்ணீர் போகும் வழியைக் குத்திச் சுத்தம் செய்தார்கள். இன்று விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடப்பவை. வருடத்துக்கு ஒரு முறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ திறப்பார்கள். அதற்காக முகப்பும், பட்டாலை என்கிற முன்கூடமும், முதல் வளவும் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கும். மூன்றாம் கட்டு? அங்கே யாரும் போவதில்லை.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940 வரை கட்டப்பட்டவை. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அங்கிருந்து வந்த பணமும் தேக்கும் நின்றுவிட்டன. அதற்குப் பின் ஒட்டுப்போட்ட வேலைகளில்தான் அதிகக் கோளாறு பார்க்கிறேன்.

ஆய்வை எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். நான் பின் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக நுழைவேன். விற்பவர்களுக்கு இது பிடிக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர், 'சார், முன்னாடி வாசல் திறந்துதான் இருக்கு, இந்தப் பக்கம் ஒரே குப்பை' என்பார். அந்தக் குப்பையைத்தான் பார்க்க வேண்டும்.

பின்கட்டில் சமையலறை, ஓட்டுச் சாய்ப்பு, கிணற்றடி, பிற்காலத்தில் சேர்த்த கழிப்பறை எல்லாம் இருக்கும். முன்கட்டில் பர்மா தேக்கு போட்டவர்கள் பின்கட்டிலும் அதையே போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பனங்கை, வேம்பு, பலா என்று கிடைத்த மரத்தைப் போட்டிருப்பார்கள். கூரை முதலில் இறங்குவது அங்கேதான். இறங்கிய கூரை வழியாக வரும் தண்ணீர், பொதுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நடுக்கட்டுக்கு வரும். அங்கிருந்து முன்கட்டுக்கு வர ஏழெட்டு வருடம் ஆகலாம். முகப்பைப் பார்த்து விலை பேசியவருக்கு அந்த ஏழெட்டு வருடமும் சேர்ந்து வந்து விடியும்.

அடுத்து வளவு. நான்கு பக்கச் சாய்ப்பும் தண்ணீரைத் தகரக் கால்வாயில் இறக்கி வளவுக்குள் விடும்படிதான் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து தரைக்கடியில் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போகும். ஊர் நல்ல நிலையில் இருந்தபோது அங்கிருந்து ஊருணிக்குப் போனது. ஒரு குடம் தண்ணீரை வளவில் ஊற்றிவிட்டுத் தெருப்பக்கம் ஓர் ஆளை நிறுத்துங்கள். தண்ணீர் வெளியே வந்தால் சரி. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ஏழு குடம் ஊற்றினோம், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அத்தனையும் கடைக்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வளவைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுவரில் உப்புப் பூத்திருந்ததற்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது.

பர்மா தேக்கைக் கரையான் தொடாது என்கிறார்களே?

தேக்கின் வைரத்தை அவ்வளவு சுலபமாகத் தொடாதுதான். மேல்பட்டையை ஒட்டிய வெள்ளை மரத்தைச் சாப்பிடும். அதைவிடப் பெரிய எதிரி ஈரம். உத்திரத்தின் நடுப்பகுதி காற்றுப்பட்டு இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புகுந்திருக்கும் முனை, ஒரு முழம், அதுதான் உளுக்கும். சுமை முழுவதும் அந்த ஒரு முழத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே ஏணி இல்லாமல் ஆய்வுக்கு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சுவரும் உத்திரமும் சேரும் இடத்துக்கு ஏறி, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உளுத்தது பொத்தென்று கேட்கும். பிறகு மெல்லிய திருப்புளியால் அழுத்திப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் உள்ளே போனால் அந்த முனையைத் திறந்து பார்க்காமல் எதையும் உறுதி சொல்லக் கூடாது. நல்ல ஆசாரி ஒருவர் கூட இருந்தால் பாதி வேலை குறையும். என்னோடு வரும் ஆசாரி தட்டுவதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பார். முதலில் சிரித்தேன், இப்போது நானும் முகர்கிறேன்.

தூண்களின் அடிப்பகுதி, நிலையின் அடிமுனை இரண்டையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். தூணின் கீழ்ப்பகுதியில் புதுசாக வார்னிஷ் அடித்திருந்தால் அங்கே கட்டாயம் தட்டுங்கள்.

மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ். அது ஆபத்தா?

ஆபத்தில்லை. அதற்குப் பிறகு அதன்மேல் செய்ததுதான் ஆபத்து. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய செங்கல்லைக் குத்தலாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். ஒழுக ஆரம்பித்ததும் நம் ஆட்கள் செய்வது, அதன்மேல் ஒரு சிமெண்ட் தளம். பத்து வருடத்தில் அதுவும் வெடிக்கும், இன்னொரு தளம். ஓர் அங்குலக் கனத்தில் சிமெண்ட் தளம் போட்டால் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. 200 சதுர அடிக்கு 1 டன். இப்படி மூன்று தளம் சுமந்த மாடியைப் பார்த்திருக்கிறேன். கீழே கட்டைகள் வில் மாதிரி வளைந்திருந்தன.

மாடியின் ஓரத்தில் ஒரு துளை போட்டு எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். கீழிருந்து நூல் பிடித்துக் கட்டைகளின் தொய்வை அளக்கச் சொல்லுங்கள். 1930-களில் கட்டிய சில வீடுகளில் இரும்பு கர்டர் போட்டிருக்கும். துரு ஏறினால் இரும்பு உப்பும், கர்டர் போகிற கோட்டிலேயே அடிப்பூச்சு வெடித்து நிற்கும். அதைப் பூசி மறைத்திருந்தால் பூச்சின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர் முட்டைப் பூச்சு. அப்படியே வழவழவென்று இருக்கிறது. அதையும் ஆராய வேண்டுமா?

பூச்சு நன்றாக இருந்தால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு என்று அரைத்துப் பல மேற்பூச்சாகப் பூசியது. கோடையிலும் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்தச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் பூச்சு வழியாக வெளியேறிவிடும். கீழ்ப்பகுதி உதிர்கிறது என்று சிமெண்ட் பூசி, மேலே எனாமல் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்றடி வரை சிமெண்ட் பூசிய சுவரில், சரியாக நாலாவது அடியில் உப்புப் பூத்திருப்பதை இங்கே எந்த ஊரிலும் காட்டுவேன்.

ஈரமானி வைத்துப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். உப்பேறிய சுவரில் அந்தக் கருவி அதிகமாகக் காட்டும். கான்கிரீட்டைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமரும் சுண்ணாம்புச் சுவருக்கு உதவாது. தூக்குக்குண்டு உதவும். சுவர் மேலிருந்து கீழே எவ்வளவு சாய்ந்திருக்கிறது, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று அது சொல்லிவிடும்.

விரிசல் பழையதா, இன்னும் நகர்கிறதா என்று தெரியவில்லை என்றால் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்போம். இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. விற்பவர் அவசரப்படுத்தினால் இந்தச் சோதனைக்கு நேரம் இருக்காது. அவசரத்துக்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்கலாம்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போயிற்று என்று விடாதீர்கள். வேர் எங்கே வரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் அங்கங்கே உடைந்திருக்கிறது.

கவலையே வேண்டாம். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்க்கிறார்கள். பழைய நிறத்துக்கு நெருக்கமாகச் செய்து வாங்கலாம். தரை ஒரு பக்கமாக இறங்கியிருந்தால் மட்டும் கீழே என்ன நடந்தது என்று பாருங்கள்.

எந்த மாதத்தில் ஆய்வு வைத்துக்கொள்வது நல்லது?

ஐப்பசி, கார்த்திகை. விற்பவர்கள் வெள்ளையடித்துக் காட்டுவது தையில். முடிந்தால் அடைமழையில் ஒரு நாள், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச் லைட்டோடு உள்ளே நடந்து பாருங்கள். மழைக்காலம் தவறிவிட்டால் ஓட்டுக்கு அடியில் ரீப்பர்களில் இருக்கும் கறையை வைத்துச் சொல்லலாம், ஆனால் அது ஊகக் கணக்குதான்.

சில அறைகள் பூட்டியே இருக்கின்றன. சாவி வேறு ஒருவரிடம் இருக்கிறதாம்.

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் இது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒன்று. ஒரு சாவி சென்னையில், ஒன்று கோலாலம்பூரில், ஒன்று யாரிடம் என்றே தெரியாது. 'அந்த அறையும் இதே மாதிரிதான் இருக்கும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திறக்காத அறை எதுவெது என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். திறந்து காட்டும் வரை அட்வான்ஸ் வேண்டாம். சாவி வராத அறைக்குப் பின்னால் பெரும்பாலும் கையெழுத்து வராத பங்காளியும் இருப்பார், அதனாலும் சொல்கிறேன்.

பத்திரம் பார்ப்பது வக்கீல் வேலைதானே, அதை ஏன் இதில் சேர்க்கிறீர்கள்?

வக்கீல் வேலைதான். ஆனாலும் கட்டடத்தைப் பார்க்கும்போதே பங்கு தெரிந்துவிடும் என்பதால் சேர்க்கிறேன். ஒரே வீட்டில் மூன்று கரண்ட் மீட்டர், நடுவில் புதுசாக எழுப்பிய குறுக்குச் சுவர், இரண்டு தனித்தனிச் சமையலறை என்று பார்த்தால் உடனே வக்கீலுக்கு போன் செய்யுங்கள்.

ஐந்து பங்கில் நாலு பங்கை வாங்கிவிட்டால் மீதி தானாக வரும் என்று இறங்குகிறவர்கள் உண்டு. பிரியாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாளுக்குக் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை கிடையாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், உங்கள் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தக் குடும்பத்தாரே திரும்ப வாங்கிக்கொள்ள 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. நீங்கள் தூணுக்கு எண்ணெய் தேய்த்ததெல்லாம் அவர்களுக்காகிவிடும்.

பெண் பிள்ளைகளின் கையெழுத்தை விட்டுவிட்டு வரும் பத்திரங்களை இன்னும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 1989-லேயே, அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இந்தப் பக்கம் பிள்ளை கூட்டிக்கொள்வது வழக்கம். கூட்டிக்கொண்டு வந்த பிள்ளைக்கு வந்த வீட்டில் பங்கு உண்டு. தலைமுறைப் பட்டியலில் அப்படி ஒருவர் இருந்தால் சுவீகாரப் பத்திரத்தைக் கேளுங்கள்.

வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான் கிடைக்கும். இந்த வீடுகளுக்கு அது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகத்தைப் புரட்ட மனுக் கொடுக்க வேண்டும்.

நிலத்தையும் அளக்க வேண்டுமா? சுவர்தான் நாலு பக்கமும் இருக்கிறதே.

அளக்க வேண்டும். பக்கத்து வீடும் பங்காளி வீடாக இருந்தால் நடுச்சுவர் இருவருக்கும் பொது என்று ஒரு காலத்தில் வாய்ப்பேச்சாக முடிந்திருக்கும். பின் தெருவில் ஓர் அடி வெளியே வந்திருக்கும். பல ஊர்களில் மனை நத்தம். நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது, புலப்படத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றா என்று பாருங்கள். காரைக்குடி நகரத்துக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் வேண்டும்.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பதிவுக்கு மூன்று மாதம் இருக்கிறது. இதற்கிடையில் என்ன கவனிக்க வேண்டும்?

கதவுகளை. சிரிக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நிற்கும் நிலைகளும் தூண்களும் கண்ணாடிகளும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? நான் ஆய்வு செய்த ஒரு வீட்டில் அட்வான்ஸ் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் போனபோது, இரண்டாம் கட்டில் ஆறு கதவுகள் இருந்த இடத்தில் பிளைவுட் நின்றது. அண்ணன் தம்பிகளில் ஒருவர் தன் பங்கு என்று எடுத்துப்போய்விட்டாராம். ஒப்பந்தத்தில் 'வீடும் மனையும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆகவே ஆய்வின்போதே ஒவ்வொரு நிலை, கதவு, தூண், தொங்கு விளக்கு, பதித்த கண்ணாடி எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் படம் எடுத்து, அந்தப் பட்டியலை விற்பனை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்து. பதிவுக்கு முந்தின நாள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள்.

யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் வீட்டைத் தொட முடியாதாமே?

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அது மட்டுமே உங்கள் வீட்டு ஓட்டை மாற்றத் தடையாகாது. ஆனால் திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். வீடு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜினியர் சரியானவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியாகச் சுண்ணாம்பில் எந்த வீட்டைப் பழுது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். விற்பவரோ புரோக்கரோ அனுப்பும் ஆள் வேண்டாம். எல்லாவற்றுக்கும் 'இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாம்' என்பவரும் வேண்டாம், 'ஒன்றுமே இல்லை' என்பவரும் வேண்டாம். அறிக்கையில் ஒவ்வொரு கோளாறுக்கும் படம், இடம், உடனே செய்ய வேண்டியதா இரண்டு வருடம் தாங்குமா, உத்தேசச் செலவு என்ன என்ற நான்கும் இருக்க வேண்டும். வயரிங் பற்றி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. மரப்பட்டியில் ஓடும் பழைய வயர் என்றால் முழுவதும் மாற்றக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

அறிக்கை மோசமாக வந்தால் வாங்காமல் விட்டுவிடலாமா?

கூரையும் மரமும் மட்டும் என்றால் நான் விடச் சொல்ல மாட்டேன். அது பணத்தால் தீரும், அந்தப் பணத்தை விலையில் குறைத்துப் பேசலாம். சுவர் நகர்கிறது, பின்கட்டு பொதுச்சுவரையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது என்றால் இரண்டு முறை யோசிப்பேன். பங்காளி கையெழுத்து வரவில்லை என்றால் வீடு தங்கமாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். பேரம் பேசும்போது அறிக்கையை மேஜையில் போட்டு அடிக்காதீர்கள். ஆச்சி ஒருவர் கேட்டார்: 'எங்க வீட்டுல இத்தனை குத்தம் கண்டுபிடிச்சவுக, அப்புறம் ஏன் வாங்க வர்றீக?' அந்த வியாபாரம் அத்தோடு நின்றது. வேலைச் செலவு இவ்வளவு ஆகும் என்று மட்டும் சொன்னால் போதும்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். வீடியோவில் பார்த்து முடிக்கலாமா?

வீடியோவில் வௌவால் நாற்றம் வராது. வேறு வழியில்லை என்றால் படம் பிடிப்பவரைக் கொல்லைக் கதவிலிருந்து முகப்புக்கு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக நடந்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையிலும் மேலே சுவரும் உத்திரமும் சேரும் மூலையைக் காட்டட்டும். உங்கள் சார்பில் இங்கே ஒருவருக்குப் பவர் கொடுப்பதாக இருந்தால், வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். ஆய்வுக்கு நாள் குறித்த பிறகு அதை அனுப்புங்கள், முன்னாலேயே அனுப்பிவிட்டு இங்கே பங்காளி சாவிக்காகக் காத்திருந்தால் அந்த மூன்று மாதம் ஓடிவிடும்.